சக்கில் பிறக்கும் சக்கரம்

60 மி.மீ. விட்டத்தில் ஒரு அலுமினிய ராடு. அதிலிருந்து 25 மி.மீ. தடிமனுக்கு அறுத்தெடுத்த இரண்டு பில்லைகள். ஒவ்வொன்றும் சுமார் 190 கிராம். கையில் வாங்கிப் பாருங்கள், நல்ல கனம்! சாயந்திரத்துக்குள் இந்த இரண்டும் சேர்ந்தே அறுபது கிராம் சொச்சம்தான் இருக்கும். மீதி முந்நூறு கிராமுக்கு மேல் பளபளவென்று சுருண்டு சுருண்டு லேத்தின் ட்ரேயில் விழுந்துவிடும். விழுந்தது போக மிஞ்சுவது ஒரு யோயோ. நானே வரைந்து, கடையவைத்து, சாயம் ஏற்றி, நூல் கட்டி வீசப்போகிற யோயோ!

யோயோ என்றதும் திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மைதான் பலருக்கு ஞாபகம் வரும். கீழே விட்டால் மேலே ஏறும், அவ்வளவுதான். இன்றைக்கு ஆட்டக்காரர்கள் கையில் இருக்கும் உலோக யோயோ வேறு ரகம். கீழே வீசினால் அது தானாக மேலே வரவே வராது. நூலின் நுனியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் குட்டியாக ஒரு பேரிங். நூல் அதன் வெளிவளையத்தைச் சுற்றிக் கிடக்கும். இருபுறமும் உள்ள உலோகப் பாதிகள் உள்வளையத்தோடு சேர்ந்து சுழலும். அந்தச் சுழற்சி ஓயுமுன் நூலை மடித்து, அதன்மேல் யோயோவை ஏற்றி, விரல்களுக்கு நடுவே கோலம் போட்டு, அவிழ்த்து, மறுபடி பின்னி... பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். திரும்பக் கைக்கு வர வேண்டுமென்றால் ஆட்டக்காரர் நூலில் ஒரு சின்ன மடிப்பை இடுக்குக்குள் ஊட்டுவார். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சிலிகோன் பட்டைகள் அந்தத் தடித்த நூலைக் கவ்விப் பிடிக்கும். 'சட்'டென்று உள்ளங்கையில் வந்து அறையும். இதற்கு 'பைண்ட்' என்று பெயர். அந்த அறை கையில் விழும் சுகத்துக்காகவே நாள் முழுக்க வீசலாம்!

சரி, பட்டறைக்குப் போவோம். கோயம்புத்தூர் ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் சந்துக்குச் சந்து லேத் பட்டறை. பம்ப் ஷாஃப்ட், புஷ், மில் ஸ்பேர் என்று ஜாப் ஒர்க் ஓடிக்கொண்டே இருக்கும். நான் போகும் பட்டறையில் ஒரு பழைய லேத்தும், கணினி சொல்படி கடையும் ஒரு சிஎன்சியும் உண்டு. ஆர்டர் வேலை முடிந்து சிஎன்சி ஓய்ந்த பிறகுதான் என் முறை. என் படத்தை முதன்முதலில் பார்த்ததும் டர்னர் அண்ணன் கேட்டார்:

"தம்பி, இது எந்தப் பம்புக்குங்க?"

"பம்புக்கு இல்லீங்ணா. யோயோ."

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யோயோவுக்கு எதுக்குங்க இவ்ளோ டாலரன்ஸ்?"

அளவில் இத்தனை துல்லியம் எதற்கு என்ற இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு பீடிகையும். இந்த ஊரில் ஆயிரக்கணக்கான கைகள் தினமும் மைக்ரான் கணக்கில் கடைகின்றன. ஆனால் கடைந்தவர் அந்த மைக்ரானை உணர்வது மைக்ரோமீட்டர் கோட்டில் மட்டும்தான். ஷாஃப்ட் பம்புக்குள் போய்விடும், பம்ப் கிணற்றுக்குள் போய்விடும். யோயோ ஒன்றுதான் அந்த மைக்ரானை நூல் வழியாக நேரே விரலுக்குக் கொண்டுவந்து தருகிறது!

ஒரு சின்னக் கணக்கு. 64 கிராம் யோயோ நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை மையம் சுழலும் அச்சிலிருந்து 0.01 மி.மீ. மட்டும் விலகியிருக்கிறது. பத்து மைக்ரான்; தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குகூடச் சரியாக வராது. அந்த விலகல் ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட 25 கிராம் விசையோடு யோயோவைப் பக்கவாட்டில் இழுக்கும். யோயோவின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அது நூலில் ஏறி விரலுக்கு வந்து 'விர்ர்'ரென்று அதிரும். நம் விரல் நுனியும் லேசுப்பட்டதில்லை. நொடிக்கு 200, 300 முறை வரும் அதிர்வென்றால், அது ஒரு மைக்ரானுக்கும் கீழே இருந்தாலும் தோலுக்கடியில் உள்ள நரம்பு முனைகள் கண்டுபிடித்துவிடும். ஆட்டக்காரர்கள் இந்த அதிர்வை 'வைப்' என்பார்கள். வைப் இல்லாத யோயோ சுற்றுகிறதா, நிற்கிறதா என்றே விரலுக்குத் தெரியாது. நூல் அப்படியே செத்தாற்போல் தொங்கும், யோயோ மட்டும் உயிரோடு இருக்கும். அந்த நிசப்தத்தைத் துரத்தித்தான் உலகம் முழுக்க ஒரு கூட்டம் லேத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் அதில் ஒருவன்.

எல்லாம் ஒரே ஒரு கோட்டில் தொடங்கும். யோயோவின் ஒரு பாதியை நடுவே வெட்டினால் தெரியும் விளிம்பை, அதிலும் பாதியை மட்டும் கணினியில் வரைகிறோம். அந்தக் கோட்டை மையக்கோட்டைச் சுற்றி ஒரு சுழற்று சுழற்றினால் திரையில் முழு உருவம் எழுந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்த இடத்தில் சிலிர்க்கும்! எடை, சுழற்சியைத் தாங்கும் பலம் (நிலைமத் திருப்புத்திறன்) எல்லாம் மூலையில் எண்ணாக வந்துவிடும். 56 மி.மீ. விட்டம், 44 மி.மீ. அகலம், 64 கிராம் என்பது கைக்கு நன்றாக வரும் அளவு. பிறகு ஆரம்பிக்கும் சண்டை: ஒவ்வொரு கிராமையும் எங்கே வைப்பது?

மையத்திலிருந்து 9 மி.மீ. தள்ளி இருக்கும் ஒரு கிராமை 27 மி.மீ. தள்ளி விளிம்பில் கொண்டுபோய் வைத்தால் தூரம் மூன்று மடங்கு; சுழற்சியைத் தாங்கும் பலமோ ஒன்பது மடங்கு. அதனால் எல்லாரும் எடையை விளிம்புக்குத் தள்ளத்தான் பார்ப்பார்கள். நடுச்சுவரை இளைக்க வைத்து, விளிம்பைத் தடிக்க வைத்து வரைவார்கள். ஆனால் அளவுக்கு மீறித் தள்ளினால் யோயோ நிலையாக நிற்குமே தவிர, சொன்ன பேச்சுக்குத் திரும்பாது. கொஞ்சம் எடை நடுவில் இருந்தால்தான் அதற்குத் துள்ளல் வரும். சுவரில் 0.1 மி.மீ. கூட்டினால் ஒரு பாதிக்கு அரைக் கிராமுக்கு மேல் ஏறிவிடும். ஆகவே கோட்டை ஒரு மயிரிழை இப்படி நகர்த்து, எடையைப் பார், மறுபடி அப்படி நகர்த்து... பொழுது போவதே தெரியாது.

வடிவத்தில் கட்சிகள் உண்டு. ஆங்கில வி எழுத்து மாதிரி நேர்ச்சரிவாக விரியும் வடிவம் ஒன்று. நூல் எங்கே பட்டாலும் வழுக்கி நடுவுக்கு வந்துவிடும். ஹெச் வடிவத்தில் நடுவில் ஒரு படி, பிறகு அகன்ற விளிம்பு. ஓ வடிவம் உருண்டை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் யூஜீன் நகரில் 'ஒன் டிராப்' என்று ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. யோயோக்களைத் தங்கள் பட்டறையிலேயே கடைகிறவர்கள். அவர்கள் 'பெஞ்ச்மார்க்' என்ற பெயரில் வடிவத்துக்கு ஒன்றாகவே ஒரு வரிசை போட்டார்கள். எனக்கு ஓ வடிவம்தான். போட்டிக்கு வி வடிவம் வசதியாக இருக்கலாம். ஆனால் வீசிய யோயோ திரும்பி வந்து உட்காருவது உள்ளங்கையில் அல்லவா? உள்ளங்கை உருண்டையைத்தான் விரும்புகிறது.

இப்போது லேத்தின் கவ்வியான சக்கில் பில்லையை ஏற்றுகிறார் அண்ணன். பழைய லேத்தில் முதலில் முகத்தைச் சமமாக்கும் பேஸிங், பிறகு மேல்தோலை உரிக்கும் ரஃப் கட். சோப்புத் தண்ணீர் மாதிரி வெள்ளைக் கூலன்ட் பீய்ச்சியடிக்கும். அலுமினியம் மிருதுவான உலோகம், அதனாலேயே குறும்பு செய்யும். டூல் நுனியில் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கிழித்துவிடும். அதற்காகவே கண்ணாடிபோல் பாலிஷ் ஏற்றிய கார்பைடு இன்செர்ட். நாங்கள் போடுவது 6061 டி6 ரகம். தாராளமாகக் கிடைக்கும், சாயம் அழகாக ஏற்கும். 7075 டி6 என்றால் இதைவிட ஏறக்குறைய இருமடங்கு பலம். சுவரை இன்னும் இளைக்க வைக்கலாம், தரையில் பட்டாலும் எளிதில் நெளியாது. காசு கூட.

இனி சிஎன்சி. முதல் பிடிதான் உயிர். இந்த ஒரே பிடியில், சக்கிலிருந்து கழற்றாமல், உள்பக்கம் முழுவதையும் முடித்துவிட வேண்டும். 3.3 மி.மீ. துளை, அதில் மரை போட எம்4 டேப், அதைச் சுற்றி பேரிங் உட்காரும் குட்டித் தூண், சிலிகோன் பட்டைக்கான 19 மி.மீ. குழிவு, நூல் உரசும் சரிவுச் சுவர். நடுவில் கழற்றி மாட்டினால் தூணுக்கு ஒரு மையம், மரைக்கு ஒரு மையம் என்று ஆகிவிடும். இரண்டு பாதிகளையும் ஒரு எம்4 கிரப் ஸ்க்ரூதான் இணைக்கிறது. மரை சாய்ந்தால் யோயோவே சாய்ந்தது.

அந்தக் குட்டித் தூணைப் பற்றி நான் கொஞ்சம் புலம்பியே ஆக வேண்டும், அன்பாக! 'சி சைஸ்' எனப்படும் பேரிங்குதான் இன்று யோயோ உலகத்தின் பொதுமொழி. உள்விட்டம் 6.35, வெளிவிட்டம் 12.7, அகலம் 4.76 மி.மீ. பொறியியல் கடையில் ஆர்188 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தூணின் விட்டம் 6.35-ஐவிடச் சில மைக்ரான் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் பேரிங் இறுகிப் போய் குறடு போட்டாலும் கழறாது. குறைந்தால் ஆடும், வைப் வரும். கட்டைவிரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார வேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது. இதில் இன்னொரு விளையாட்டு: கடைந்த சூட்டில் அலுமினியம் விரிந்திருக்கும். 20 டிகிரி கூடுதல் சூட்டில் இந்தத் தூண் மூன்று மைக்ரான் பருத்து நிற்கும். அப்போது அளந்து சரியென்று சொல்லிவிட்டால், ஆறியதும் இளைத்திருக்கும். அதனால் அண்ணன் அளக்குமுன் காற்றடித்து, டீ சொல்லிவிடுவார். டீ குடித்து முடித்த பிறகுதான் மைக்ரோமீட்டர் வெளியே வரும்.

ஜாப்பைத் திருப்பி மாட்டுவது இரண்டாவது பிடி. விளிம்பில் காயம் படக்கூடாது, மையமும் தப்பக்கூடாது. அதற்காகச் சக்கின் மென்மையான தாடையான சாஃப்ட் ஜாவை அந்த விளிம்பின் விட்டத்துக்கே கடைந்து, டயல் வைத்து முள் அசையவில்லை என்று பார்த்துவிட்டுக் கவ்வக் கொடுப்பார். இனி வெளிப்பக்கக் கிண்ணம். சுவர் இரண்டு மில்லிக்கும் கீழே இளைக்க இளைக்க ஜாப் கத்த ஆரம்பிக்கும். 'கீ...' என்று ஒரு ஓலம். அப்படியே விட்டால் மேற்பரப்பில் வரிவரியாகத் தழும்பு விழுந்துவிடும். அண்ணன் சத்தத்தை வைத்தே சொல்வார், வேகத்தைக் குறைக்கணுமா, கட்டைக் கூட்டணுமா என்று. ஆமாம், சில சமயம் கூடுதலாகக் கடைந்தால்தான் சத்தம் அடங்கும்! கடைசி கட்டில் ரிப்பன் மாதிரி சுருள் நீளமாக வெளியேறும்போது பட்டறையில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள்.

இந்தப் பொம்மைக்கு லேத்தும் பேரிங்கும் வந்து சேர்ந்த கதையும் ருசியானது. அமெரிக்காவில் யோயோ மோகத்தைக் கிளப்பியவர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெட்ரோ ஃப்ளோரெஸ். 1928-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் தயாரிக்கத் தொடங்கினார். நூலை அச்சில் முடிச்சுப் போட்டு இறுக்காமல், வெறுமனே வளையமாகச் சுற்றி விட்டார். அதனால் யோயோ அடியில் நின்று சுழல முடிந்தது. தொழிலை அவரிடமிருந்து வாங்கிய டொனால்ட் டங்கனின் பெயர்தான் பிறகு பரவியது. பல பத்தாண்டுகள் மரம், பிளாஸ்டிக் என்று போயிற்று. 1984-இல் ஸ்வீடனின் எஸ்கேஎஃப், ஆம், நம்மூர்க் கடைகளில் பெயர்ப்பலகையாகத் தொங்கும் அதே பேரிங் கம்பெனி, பேரிங் வைத்த யோயோ ஒன்றைச் செய்தது!

எனக்கு மிகப் பிடித்தவர் டாம் குன். சான் ஃபிரான்சிஸ்கோவில் பல் மருத்துவர். பொழுதுபோக்காக யோயோ செய்ய ஆரம்பித்து, பாதிகளைக் கழற்றி மாற்றி மாட்டும் மர யோயோவைக் கொண்டுவந்தவர். 256 பவுண்டு, அதாவது 116 கிலோ எடையில் ஒரு மர யோயோ செய்து, அதை கிரேனில் கட்டி ஏற்றி இறக்கியவரும் அவர்தான்! அது இப்போது கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் உள்ள தேசிய யோயோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1990-இல் அவர் வெளியிட்ட 'சில்வர் புல்லட் 2' அலுமினிய உடலும் பால் பேரிங்கும் கொண்டது. இன்று நாங்கள் கடைவதற்கெல்லாம் பாட்டன். 1992-இல் விண்வெளி வீரர் ஜெஃப்ரி ஹாஃப்மன் அதை அட்லாண்டிஸ் விண்கலத்தில் கொண்டுபோனார். அங்கே கீழே இழுத்துப் பிடிக்க எடை இல்லையே! நூல் முழுதும் அவிழ்ந்தவுடன் யோயோ அடியில் நிற்காமல் திரும்பிவிடும். மெதுவாக விட்டாலும் கோடு கிழித்தாற்போல் போய்வரும்.

பட்டறைக்குத் திரும்புவோம், கடைந்து முடித்த பாதிகள் காத்திருக்கின்றன. பிசிறு எடுத்து, கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்து மேற்பரப்பை மங்கலாக்க வேண்டும். அழகுக்கு மட்டும் இல்லை இது. சுழலும் யோயோவைக் கைமேலும் விரல்மேலும் ஓடவிடும் வித்தைகள் உண்டு. முகம் தெரியப் பளபளக்கும் யோயோ தோலில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மங்கல் மேற்பரப்புதான் வழுக்கி ஓடும்.

அடுத்து அனோடைசிங். இதை வீட்டில் செய்யக்கூடாது, கந்தக அமிலம். அதற்கென்று இருக்கும் யூனிட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். அமிலத்தில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளோடு ஆக்சைடு படலம் வளரும். அந்தத் துளைகளில் சாயம் போய் ஒளிந்துகொள்ளும். கொதிநீரில் போட்டால் துளைகள் மூடிக்கொள்ளும், சாயம் உள்ளேயே சிறைப்படும். ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றைத் தெளித்து, சொட்டவிட்டு, பாதி அழித்து... எந்த இரண்டும் ஒரே மாதிரி வராது! ஆனால் கவனம்: அந்தப் படலத்தில் ஒரு பங்கு வெளிப்புறமாகவும் வளரும். மைக்ரான் மைக்ரானாக இழைத்த நம் தூண் பருத்துவிடும். அதனால் தூணையும் மரையையும் சிலிகோன் மூடியால் அடைத்து அனுப்புவேன். வண்ணமயமான யோயோவின் நடுவே, யாரும் பார்க்காத இடத்தில், வெள்ளையாக அந்தத் தூண் மட்டும் கடைந்தபடியே நிற்கும். எனக்கு அதுதான் யோயோவின் மிக அழகான இடம்.

பேரிங்கிலிருந்து கிரீஸைக் கழுவி எடுத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டு, பட்டைகளை ஒட்டி, கிரப் ஸ்க்ரூவைத் திருகி, நூலை மாட்டி... வீசியாயிற்று! முதல் வீச்சில் வைப் இருந்தால் முகம் தொங்க வேண்டியதில்லை. ஸ்க்ரூவை முன்பின்னாகத் திருப்பிப் போட்டால், அல்லது ஒரு பாதியிலிருந்து மற்றதற்குள் அதைக் கொஞ்சம் தள்ளி அமர வைத்தால், இரண்டு பக்கத்துக் குறைகளும் ஒன்றையொன்று தின்றுவிடுவதுண்டு. சுழலும் விளிம்பை நகத்தால் லேசாகத் தொட்டுப் பார்ப்பது கடைசிச் சோதனை. விரலை ஏமாற்றிவிடும் அதிர்வுகூட நகத்தில் மாட்டிக்கொள்ளும்.

அண்ணனிடம் கொடுத்தேன். சின்ன வயதில் பம்பரம் விட்ட கை, சாட்டையை இழுக்கிற மாதிரியே ஒரு இழுப்பு இழுத்தார். யோயோ நூலடியில் போய் அசையாமல் நின்றது. விரலைப் பார்த்தார், யோயோவைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார்.

"சுத்துதுங்களா?"

"சுத்துதுங்ணா! நீங்க கடைஞ்ச தூணுதான் உங்க வெரலுக்கு வந்து பேசுது."

அன்றிலிருந்து டாலரன்ஸ் பற்றி அவர் கேட்பதில்லை. எனக்கு அவர் சொல்கிறார். டைட்டானியத்தில் செய்த யோயோவைச் சுற்றவிட்டுச் சிமென்ட் தரையில் உரசினால் வெள்ளைத் தீப்பொறி பறக்கும் என்று வீடியோ காட்டியதும் கண் விரிந்தது. உடனேயே தலையை ஆட்டினார். டைட்டானியம் சூட்டை எளிதில் கடத்தாது, பெரும்பாலும் டூல் நுனியிலேயே தங்கும். இன்செர்ட்டும் போகும், சுருளில் தீப்பிடிக்கவும் செய்யும். அது இன்னொரு வருடத்துக் கனவு.

இப்போதைக்கு இரட்டை உலோகம். அலுமினிய உடல், கிண்ணத்தின் விளிம்பில் உள்ளே எவர்சில்வர் வளையம். எவர்சில்வரின் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு. அப்படியானால் விளிம்பின் எடை மொத்தமும் மெல்லிய ஒரு வளையத்துக்குள் அடங்கிவிடும், மற்ற இடத்தையெல்லாம் தாள்போல் இளைக்க வைக்கலாம்! வளையம் பசை இல்லாமல் இறுகி நிற்க வேண்டும். அலுமினியத்தைச் சூடேற்றி 130 டிகிரி உயர்த்தினால் 50 மி.மீ. வாய் 0.15 மி.மீ. விரியும், வளையத்தைப் போட்டு ஆறவிட்டால் கவ்விக்கொள்ளும். எவ்வளவு இறுக்கம் வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. 0.03 போதும், மிஞ்சினால் சுவர் பிதுங்கும் என்கிறார் அவர். 0.05 வேண்டும், சுழலும்போது வளையம் கழன்றுவிடக்கூடாது என்கிறேன் நான்.

"வர்ற ஞாயித்துக்கெழம பட்டறை லீவுதானுங்க தம்பி," என்றார் நேற்று, வெர்னியரைத் துடைத்து வைத்தபடி. "ரெண்டு பில்லை சேத்தியே அறுத்து வெச்சிருக்கறன். ரெண்டு மாதிரியும் போட்டுப் பாத்துரலாம், வாங்க."